யாரையும் போல் இல்லாத மந்திரி

ரோமில் சினிமாப் படங்களைப் பார்த்துச் சான்றிதழ் கொடுக்கும் வாரியம் ஒன்றில் பதினோரு வருடம் குறிப்பெழுத்தாளராக வேலை பார்த்தேன். என் பெயர் நொரினா. உறுப்பினர்கள் பேசுவதைச் சுருக்கெழுத்தில் எடுத்து, தட்டச்சு செய்து, மூன்று பிரதி வைக்க வேண்டும். பேசியது மட்டுமல்ல, செய்ததும் பதிவாக வேண்டும் என்பது விதி. இருமினால் ‘உறுப்பினர் இருமினார்’ என்று எழுத வேண்டும். எழுந்து வெளியே போனால் போன நேரம், வந்த நேரம் இரண்டும் வேண்டும். படம் ஓடும்போது யாராவது சிரித்துவிட்டால் அதையும் நேரத்தோடு எழுதியாக வேண்டும். சிரித்தவர் எதற்குச் சிரித்தார் என்று மூன்று நாளுக்குள் எழுத்தில் விளக்கம் தரவேண்டும்.

இந்த விதியைப் போட்ட புண்ணியவான் யாரென்று தெரியவில்லை. அது வந்த நாளிலிருந்து எங்கள் வாரியத்தில் சிரிப்பு நின்றுபோயிற்று. என் முதல் பத்து வருடத்தில் ஒரே ஒரு சிரிப்பு பதிவானது. அதுவும் பிறகு தும்மல் என்று திருத்தப்பட்டது.

எழுபத்திரண்டாம் வருடம் மார்ச் மாதம் ரெமீஜியோ பல்லோட்டா என்பவர் படச்சுருள் அடைத்த ஏழு தகரப் பெட்டிகளோடு படியேறி வந்தார். லிஃப்ட் வேலை செய்யவில்லை. டெர்னி பக்கத்து ஆள். நாற்பத்தாறு வயது. அதுவரை விவசாயிகளுக்கான குறும்படங்கள் எடுத்துக்கொண்டிருந்தார்: ஆலிவ் மரத்தைக் கவாத்து செய்வது எப்படி, பன்றிக்குக் காய்ச்சல் வந்தால் என்ன செய்வது. இப்போது முதல் முறையாக ஒரு முழுநீளச் சிரிப்புப் படம். மாமனாரின் ஆலிவ் தோப்பை விற்று எடுத்திருந்தார். மாமனார் உயிரோடு இருந்தார் என்பதுதான் இதில் சங்கடம்.

படத்தின் கதை சின்னது. தண்ணீர் இல்லாத மலையூரில் ஒரு மந்திரி வந்து குழாயைத் திறந்து வைக்கிறார். விழாவுக்காகத் தீயணைப்பு லாரியில் தண்ணீர் கொண்டுவந்து குழாயின் பின்பக்கம் ஊற்றுகிறார்கள். கைத்தட்டல், பேண்டு வாத்தியம், விருந்து. மந்திரி போனதும் லாரியும் போய்விடுகிறது. அடுத்த தேர்தலுக்கு மறுபடி வந்து அதே குழாயைத் திறக்கிறார். இப்படி நான்கு முறை.

எடுத்த கதையைப் பல்லோட்டா என்னிடம் பிறகு சொன்னார். தீயணைப்பு லாரியை ஒரு நகராட்சியிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு இரவல் வாங்கினாராம். கேமரா ஓடத் தொடங்கிய நான்காம் நிமிடம் எங்கோ வைக்கோல் போர் பற்றிக்கொண்டது. ஓட்டுநர் குழாயைப் பிடுங்கிக்கொண்டு லாரியோடு பறந்துவிட்டார். படத்தில் மந்திரி பேசிக்கொண்டே இருக்கத் தண்ணீர் பாதியில் நின்று, கூட்டம் வாயைப் பிளந்து பார்க்கும் இடம் ஒன்று உண்டு. அதைப் பெரிய கற்பனை என்று பிற்பாடு ஒருவர் பத்திரிகையில் எழுதினார்.

வாரியத்தில் மூன்று பேர். தலைவர் ஸ்கராம்பி, ஓய்வுபெற்ற நீதிபதி. ஒத்தோனே, மனோதத்துவப் பேராசிரியர். பெற்றோர்களின் பிரதிநிதி திருமதி மெத்ஸாலீரா. மூவரும் காலை பத்து மணிக்குப் படம் பார்த்தார்கள். மந்திரி ரிப்பனுக்குப் பதில் தன் கழுத்துப்பட்டையை வெட்டிக்கொள்ளும் இடத்தில் பேராசிரியர் கைக்குட்டையை வாயில் திணித்துக்கொண்டார். திருமதி மெத்ஸாலீரா ஜபமாலையை எடுத்தார். தலைவர் மேற்கூரையைப் பார்த்தார். படம் ஓட்டுகிறவர் மட்டும் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் விழுந்து விழுந்து சிரித்தார். அவர் உறுப்பினர் இல்லையே, எழுதலாமா கூடாதா என்று அரை மணி நேரம் விவாதம் நடந்தது. ‘கண்ணாடிக்குப் பின்னால் ஓசை’ என்று முடிவாயிற்று.

பிறகு பல்லோட்டாவை உள்ளே கூப்பிட்டார்கள்.

“உட்காருங்க டாக்டர்” என்றார் தலைவர்.

“நான் டாக்டர் இல்லீங்க.”

“ரோம்ல கழுத்துப்பட்டை கட்டினவங்க எல்லாரும் டாக்டர்தான். மறுத்தீங்கன்னா அதுக்கு ஒரு திருத்த மனு போடணும். உட்காருங்க. முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். இந்த நாட்டுல படத்துக்குத் தணிக்கையே கிடையாது. தணிக்கை இருக்குன்னு எழுதின ரெண்டு பத்திரிகையை நாங்கதான் நிறுத்தினோம்.”

“சந்தோஷம், மேதகு தலைவரே.”

“அங்கதம் ஜனநாயகத்துக்கு உயிர்மூச்சு. எனக்கே ரொம்பப் பிடிக்கும். ஆனா யாரைக் கிண்டல் பண்றோம்னு பார்க்கிறவனுக்குத் தெரியணும் இல்லையா? இந்த மந்திரி யாரு?”

“யாரும் இல்லீங்க. கற்பனை.”

“இல்லாத ஆளைப் பார்த்து ஜனங்க எப்படிச் சிரிப்பாங்க?”

பல்லோட்டா யோசித்தார். “அப்படின்னா, யாரோ ஒருத்தர்னு வெச்சுக்குங்களேன்.”

“பார்த்தீங்களா!” என்று பேராசிரியர் மேசையைத் தட்டினார். “ஒத்துக்கிட்டாரு. இது அவதூறு.”

“இல்ல இல்ல, யாரும் இல்லீங்க!”

“அப்போ யாரும் இல்லைன்னு நிரூபிங்க” என்றார் தலைவர் கனிவாக. “பதவியில இருக்கிற ஒவ்வொரு மந்திரிகிட்டயும் போங்க. ‘இந்தப் படத்துல வர்ற மந்திரி நான் இல்லை’ன்னு ஒரு கையெழுத்து வாங்கிட்டு வாங்க. மொத்தம் இருபத்தாறு பேர். ஒத்துப்போகாமைச் சான்று. இப்படி ஒரு படிவம் இதுவரைக்கும் கிடையாது. உங்களுக்காகவே அச்சடிக்கச் சொல்றேன்.”

திருமதி மெத்ஸாலீரா முதல் முறையாக வாயைத் திறந்தார். “என் கொழுந்தனார் ராணுவத் துறையில மந்திரி. அவரு இப்படி நடக்கவே மாட்டாரு. முட்டிவலி.”

அதுவும் குறிப்பில் ஏறியது.

பல்லோட்டா படிவங்களையும் கதைச் சுருக்கத்தையும் ஒரு தோல்பையில் போட்டுக்கொண்டு அமைச்சகம் அமைச்சகமாக அலைந்தார். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கிடைத்ததை என் மேசையில் கொண்டுவந்து வைப்பார். காலணியைக் கழற்றிக் காலை நீவிக்கொண்டே, “சின்யோரினா, இதைப் படிச்சுச் சொல்லுங்க. இவர் ஆமாங்கிறாரா, இல்லைங்கிறாரா?” என்று கேட்பார். எனக்கும் சில சமயம் புரியாது.

கப்பல்துறை மந்திரி எழுதியிருந்தார்: ‘படத்தில் வருபவர் ஒரே குழாயை நான்கு முறை திறக்கிறார். நான் எந்தத் துறைமுகத்தையும் இரண்டு முறைக்கு மேல் திறந்ததில்லை. ஆகவே அவர் நான் அல்ல.’ கல்வி மந்திரியின் பதில் இன்னும் தெளிவு: ‘படத்து மந்திரி குழாய் வேலையை மருமகனுக்குக் கொடுக்கிறார். எனக்கு மருமகன் கிடையாது. மைத்துனர்கள் மட்டுமே.’ தபால்துறை மந்திரி ஒரு பக்கம் எழுதியிருந்தார். படத்தில் இருப்பவர் தன் முப்பது வருட நண்பரான சுகாதார மந்திரிதான், நீதிமன்றத்தில் வந்தும் சொல்லத் தயார், நண்பருக்குத் தன் அன்பைத் தெரிவிக்கவும்.

இதுவரை வேலை நடந்துகொண்டுதான் இருந்தது. பொதுப்பணித்துறை மந்திரியிடம் போனபோதுதான் வண்டி வேறு பக்கம் திரும்பியது. அவர் கடிதம் எழுதவில்லை. பல்லோட்டாவை நேரில் வரச்சொல்லிக் காப்பி கொடுத்தார். கதவைச் சாத்தினார்.

“ஏம்ப்பா பல்லோட்டா, நான் உனக்கு என்ன கெடுதல் பண்ணினேன்?”

“ஐயோ, படத்துல இருக்கிறது நீங்க இல்லீங்க! அதைத்தான் எழுதி வாங்கலாம்னு—”

“அதைத்தான் கேக்கிறேன். ஏன் நான் இல்லை? நேத்து சாப்பாட்டுக் கடையில வேளாண் மந்திரி எல்லார் முன்னாடியும் மார்தட்டறான், அந்தப் படம் என்னைப் பத்தித்தான்னு. அவன் வாழ்க்கையில ஒரு குழாய் திறந்திருப்பானா? கோழிப்பண்ணையைத் திறந்தவன்யா அவன்! நான் தெற்கே கலாப்ரியா மாகாணத்துல ஒரு பாலத்தை மூணு தடவை திறந்தேன். ஆறே இல்லாத ஊர்ல! ‘பாலம் வந்துடுச்சு, ஆறு பின்னாலயே வரும்’னு பேசினேன். அன்னிக்கு அழுத ஜனங்களை நீ பார்த்திருக்கணும். பதினேழு வருஷ உழைப்பு. அதையெல்லாம் தூக்கி ஒரு கோழிப்பண்ணைக்காரன்கிட்ட கொடுத்துட்டியே.”

“படத்துல பேரே இல்லீங்களே...”

“பேரு எதுக்கு? கண்ணிருக்கிறவனுக்குத் தெரியும். கிண்டல் பண்ற அளவுக்கு வளராத மந்திரியைக் கட்சியில எவன் மதிப்பான்? அடுத்த தேர்தல்ல எனக்கு இடம் போயிடுச்சுன்னா அதுக்கு நீ பொறுப்பு. படத்துல இருக்கிறது நான்தான்னு கையெழுத்து கேளு, இப்பவே போட்டுத் தரேன்.”

போட்டும் கொடுத்தார். அடுத்த வாரம் வேளாண் மந்திரியும் அதே மாதிரி ஒன்று அனுப்பினார். சாட்சிக்கு மூன்று புகைப்படங்கள் இணைத்திருந்தார். மே மாத முடிவில் ஐந்து மந்திரிகள் அது தாங்கள்தான் என்று எழுதியிருந்தார்கள். அவர்களுக்குள் பேச்சுவார்த்தை நின்றுபோனதாகச் செய்தித்தாளில் வந்தது. கொள்கை வேறுபாடு என்று போட்டிருந்தார்கள்.

கடைசிக் கடிதம் வரவேண்டிய வியாழக்கிழமை அரசு கவிழ்ந்தது. யாருக்கும் அடிபடவில்லை. முப்பத்தொரு நாள் கழித்துப் புதிய அரசு வந்தது. அதே இருபத்தாறு பேர், வேறு நாற்காலிகளில்.

தலைவர் ஸ்கராம்பி பல்லோட்டாவைக் கூப்பிட்டு ஆறுதலாகப் பேசினார். “உங்க உழைப்பை நாங்க மதிக்கிறோம். ஆனா இந்தச் சான்று எதுவும் இனிமே செல்லாது. கப்பல்துறையில இருந்தவர் இப்ப கல்வி மந்திரி. கப்பல்ல இருந்தப்ப ஒத்துப்போகாத முகம், கல்விக்கு வந்தப்புறம் ஒத்துப்போகலாம் இல்லையா? மறுபடி ஆரம்பிங்க. படிவம் நிறைய இருக்கு.”

பல்லோட்டா வெளியே வந்து நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்தார். கோட்டு போட்ட ஒரு பெரிய மனிதர் அலுவலக நடைபாதையில் சத்தமில்லாமல் அழுவதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

“சின்யோரினா, அவங்க படத்தைத் தடை பண்ணிட்டாக் கூட நிம்மதியா வீட்டுக்குப் போவேன். மாமனார்கிட்ட ‘தடை பண்ணிட்டாங்க’ன்னு சொன்னா ஒரு மரியாதையாவது இருக்கும். இவங்களோ எனக்கு உதவி பண்றாங்களே!”

அந்த உதவிகளை மூன்று பிரதி தட்டச்சு செய்தவள் நான்.

ஜூலையில் பேராசிரியர் ஒத்தோனே ஒரு புது யோசனை கொண்டுவந்தார். மந்திரிகளின் பதவி மாறிக்கொண்டே இருக்கும், ஆனால் மூக்கு மாறாது. ஆகவே மந்திரியாக நடித்தவரை நேரில் வரவழைத்து, இருபத்தாறு பேரின் புகைப்படங்களோடு வைத்து அளந்துவிட்டால் விஞ்ஞானப்பூர்வமாக விஷயம் முடிந்துவிடும். தலைவருக்குப் பிடித்துப்போயிற்று. நடிகருக்கு ஆணை போனது.

நடிகரின் பெயர் அனியெல்லோ கப்பூத்தோ. நேப்பிள்ஸ்காரர், எழுபத்தொரு வயது. ஐம்பது வருடம் சில்லறை நாடகக் கொட்டகைகளில் நடனக்காரிகள் உடை மாற்றும் இடைவெளியில் வந்து சிரிப்பு மூட்டுகிற வேலை. விளம்பரத் தாளில் அவர் பெயர் எப்போதும் கடைசியில், அச்சகத்தின் பெயருக்கு மேலே இருக்குமாம். இந்தப் படத்தில்தான் முதல் தடவையாக முதல் பெயர். நான்கு மாடி ஏறி வந்து, கதவைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

“மன்னிச்சுக்குங்க மேதகு ஐயா. நேரா சொர்க்கத்துக்கே கூட்டிட்டுப் போறாங்கன்னு நினைச்சேன். பார்த்தா அலுவலகம்.”

“நகைச்சுவை வேண்டாம்” என்றார் தலைவர். “உங்களை இங்க கூப்பிட்டது மூக்குக்காக.”

“மூக்கு மட்டும் போதும்னா தபால்ல அனுப்பியிருப்பேனே.”

பேராசிரியர் கவராயத்தை எடுத்தார். திருமதி மெத்ஸாலீரா புகைப்படங்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பிடித்தார். ஒரு மணி நேரம் அளந்தார்கள். இடது காது பழைய தபால்துறை மந்திரியோடு ஒத்துப்போனது. நெற்றி மூன்று பேரோடு. மூக்கு யாரோடும் சேரவில்லை. தாடையை அளந்தபோது பேராசிரியர் இரண்டு முறை சரிபார்த்துவிட்டுத் தயங்கினார்.

“தாடை தலைவரோட ஒத்துப்போகுது.”

“அதை எழுத வேண்டாம்” என்றார் தலைவர். நான் எழுதினேன். வேண்டாம் என்று சொன்னதையும் சேர்த்து.

அளவெடுத்துத் தீராததால் நடை, பேச்சு இரண்டையும் சோதிப்பது என்று முடிவாயிற்று. தலைவர் சொன்னார்: “இந்த அறையில மந்திரி மாதிரி நடந்து காட்டுங்க. ஆனா நடிக்காம நடங்க.”

அனியெல்லோ தலைவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அளவெடுக்கும் நாடாவை எடுத்து இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே கட்டினார். கதவு வரை போய்த் திரும்பினார். அவ்வளவுதான் செய்தார். ஆனால் திரும்பி நடந்தவர் வேறு ஆள். வயிறு முதலில் வந்தது, ஆள் பின்னால் வந்தார். இல்லாத குழந்தைகளின் கன்னத்தைக் கிள்ளினார். இல்லாத கிழவியிடம் பூ வாங்கி, இல்லாத செயலாளரிடம் பார்க்காமலே கொடுத்தார். நாடாவுக்கு முன்னால் வந்து நின்று தொண்டையைக் கனைத்தார்.

“அன்பான மக்களே! இந்தக் குழாயில தண்ணி இல்லைன்னு சில பேரு சொல்றாங்க. நான் கேக்கிறேன், தண்ணி இருக்கிற குழாயை எவன் வேணா திறந்துடுவானே! அதுக்கு எதுக்கு ஒரு மந்திரி? தண்ணி இல்லாத குழாயைத் திறக்கத்தான் தைரியம் வேணும்!”

கத்தரிக்கோலை வாங்கக் கையை நீட்டினார். பக்கத்தில் இருந்தவர் பேராசிரியர். பேராசிரியர் தன்னையறியாமல் எழுந்து, தலை குனிந்து, கவராயத்தைத் தட்டில் வைத்துக் கொடுப்பதுபோல் இரண்டு கையாலும் நீட்டினார்.

தலைவரிடமிருந்து முதலில் கிரீச்சென்று ஒரு சத்தம் வந்தது. நாற்காலி என்று நினைத்தேன். அடுத்த நொடி அவர் தோள் குலுங்கிற்று. முகம் சிவந்தது. பிறகு அந்த மனிதர் சிரித்தார் பாருங்கள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, மேசையைக் குத்திக் குத்தி. வருடக்கணக்காகச் சேர்ந்துபோன சிரிப்பு. திருமதி மெத்ஸாலீராவின் ஜபமாலை தரையில் விழுந்தது. நான் அனியெல்லோவைப் பார்த்தேன். தலையில் இருந்த மூட்டையை இறக்கி வைத்தவர்போல் நின்றார்.

மணி பதினொன்று ஐம்பத்திரண்டு. எழுதினேன்.

தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகுதான் என் கையைப் பார்த்தார். “நொரினா, என்ன எழுதறே?”

“விதிப்படி, மேதகு தலைவரே.”

“அது இருமல்.”

“இருமல் இல்லீங்க.”

“பதினோரு வருஷம் வேலை பார்க்கிறே. ஓய்வூதியத்துக்கு இன்னும் ஒன்பது வருஷம். நல்லா யோசிச்சுச் சொல்லு, அது என்ன?”

நல்லவேளையாக யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் இருமல் என்றுதான் சொல்லியிருப்பேன். “சிரிப்புங்க. நாலு நிமிஷம்.”

மூன்று நாளுக்குள் தலைவர் விளக்கம் எழுதியாக வேண்டும். படத்து மந்திரியைப் பார்த்துச் சிரித்தேன் என்று எழுதினால், எந்த மந்திரி என்று ஐந்து பேர் கேட்பார்கள். பேராசிரியரைப் பார்த்துச் சிரித்தேன் என்றால் பேராசிரியர் வழக்குப் போடுவார். இரண்டு நாள் வீட்டுக்குள் இருந்துவிட்டு மூன்றாம் நாள் எழுதிக் கொடுத்தார்: ‘நான் சிரித்தது உண்மை. ஆனால் யாரையும் பார்த்துச் சிரிக்கவில்லை. அங்கே யாரும் இல்லை.’

கோப்பு மேலிடத்துக்குப் போனது. மேலிடத்தில் ஒரு வேலையில்லாத செயலாளர் அதை முழுக்கப் படித்துவிட்டார். அந்த மந்திரி யாரும் இல்லை என்று வாரியத் தலைவரே கைப்பட எழுதியிருக்கும்போது வேறு சான்று எதற்கு என்று குறிப்பெழுதினார். ஒரு வாரத்தில் படத்துக்கு அனுமதி கிடைத்தது. ஓர் அடி கூட வெட்டவில்லை. ‘இப்படத்தில் வரும் மந்திரி யாரையும் போல் இல்லை’ என்று முத்திரையோடு சான்றிதழ் வந்தது. கூடவே எனக்கும் ஓர் ஆணை வந்தது: உள்நாட்டு மீன்வள அலுவலகம், நிலவறை, பழைய கோப்புப் பிரிவு.

நிலவறைக்கு நான் போகவில்லை. பல்லோட்டாவுக்குக் கடிதம் எழுத ஓர் ஆள் தேவைப்பட்டது. சம்பளம் வரும்போது வரும் என்றார். போனேன். என் அக்கா ஒரு மாதம் என்னோடு பேசவில்லை.

படம் ஆகஸ்டில் ரோமில் வெளியானது. ஆகஸ்டில் எல்லோரும் விடுமுறைக்குப் போய்விடுவார்கள், ரோமில் நாய்கூட இருக்காது. முதல் காட்சிக்கு வந்தவர்களில் பாதிப்பேர் அரங்கின் குளிர்ச்சிக்காக வந்தவர்கள். பழைய பொதுப்பணி மந்திரி மட்டும் குடும்பத்தோடு மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து, எல்லோரையும்விட உரக்கச் சிரித்தார். சிரிக்கும்போதெல்லாம் தன்னை யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டார். ஒரு பத்திரிகை படம் ரொம்ப மிகை என்றது. இன்னொன்று போதவில்லை என்றது. ஒன்பதாம் நாள் எடுத்துவிட்டார்கள்.

பல்லோட்டா பெட்டிகளைத் தன் பழைய வேனில் ஏற்றினார். விவசாயப் படம் காட்டிய காலத்தில் தெற்கே ஊர் ஊராகப் பழக்கம் இருந்தது. நாங்கள் மூன்று பேரும் கிளம்பினோம். அனியெல்லோ விளம்பரத்துக்காகப் படத்தில் போட்ட அதே கறுப்புக் கோட்டு, மூவண்ணப் பட்டையோடு அரங்கு வாசலில் நிற்பார். ஜனங்கள் டிக்கெட் வாங்குகிற மாதிரி இருந்தால் கன்னத்தைக் கிள்ளுவார். சில ஊர்களில் சிரித்தார்கள். ஓர் ஊரில் தக்காளி வந்தது. அனியெல்லோ அதைப் பொறுக்கிச் சாயங்காலம் குழம்புக்கு வைத்துக்கொண்டார்.

செப்டம்பர் கடைசியில் மோந்தெசேத்தே என்ற மலையூருக்கு வந்தோம். ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து பன்னிரண்டு மணிக் காட்சி. தேவாலயத்தின் பக்கத்துக் கூடம் நிறைந்திருந்தது. முதல் கால்மணி நேரம் நன்றாகச் சிரித்தார்கள். அனியெல்லோ பின்சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். தீயணைப்பு லாரி வந்து தண்ணீர் ஊற்றும் இடம் வந்தது. மற்ற ஊர்களில் கூரை பறக்கிற இடம் அது. இங்கே கூடம் அமைதியாகிவிட்டது.

முன்வரிசையில் ஒரு பெண் எழுந்து நின்றாள். தொமேனிக்கா என்று பெயர், பெரிய கைகள், கறுப்பு முக்காடு. “அந்த ஊருக்கு லாரியாவது வந்துச்சு” என்றாள் பக்கத்தில் இருப்பவளிடம். “நமக்கு அதுவும் வரலையே.”

படம் ஓடிக்கொண்டிருந்தது. யாரும் பார்க்கவில்லை. எல்லோரும் திரும்பி அனியெல்லோவைப் பார்த்தார்கள். பட்டையும் கோட்டுமாக அவர் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார்.

“நான் நடிகன்மா. வெறும் நடிகன்.”

“இருந்தா என்ன?” என்றாள் தொமேனிக்கா. “இதுக்கு முன்னாடி ஓட்டுக் கேட்டு வந்தவங்க மட்டும் என்ன பண்ணினாங்க? வாங்க, வந்து குழாயைப் பாருங்க.”

சதுக்கத்தில் குழாய் இருந்தது. வெள்ளைப் பளிங்கு, இரண்டு சிங்கமுகம். வாயில் சிலந்தி கூடு கட்டியிருந்தது. பெண்கள் சுற்றி நின்று ஒரே குரலில் பேசினார்கள். தண்ணீருக்கு மூன்று மைல் கீழே இறங்க வேண்டுமாம். கோடையில் தொமேனிக்காவின் மருமகள் குடத்தோடு வழுக்கி விழுந்து வயிற்றில் இருந்த பிள்ளையைப் பறிகொடுத்தாளாம். அனியெல்லோ தொப்பியைக் கழற்றினார்.

“இதுக்கு யாரு பொறுப்பு?” என்று கேட்டார்.

“மாவட்டத் தண்ணீர் அலுவலகம். இஞ்சினியர் லொபார்க்கோ.”

“போன் எங்க இருக்கு?”

பல்லோட்டா அவர் கையைப் பிடித்தார். “வேண்டாம் அனியெல்லோ. ஜெயில்ல போடுவாங்க.”

“எழுபத்தொரு வயசுல மூணு வேளைச் சாப்பாடு, போட்டா போடட்டுமே.”

பாதிரியார் வீட்டுத் தொலைபேசியில் இஞ்சினியரின் வீட்டு எண்ணைப் பிடித்தார்கள். நான் பக்கத்தில் நின்றேன். பழக்கதோஷத்தில் கை பென்சிலைத் தேடிற்று.

“லொபார்க்கோவா? நான் மோந்தெசேத்தேயிலிருந்து பேசறேன். மந்திரி.”

அந்தப் பக்கம் நாற்காலி விழுந்த சத்தம் கேட்டது. “மே... மேதகு அமைச்சரே! எந்தத் துறை மந்திரின்னு...”

“எந்தத் துறைன்னு எனக்கே இன்னும் சொல்லலை.”

அந்த வாரம்தான் அரசு மறுபடி ஒருமுறை கவிழ்ந்து எழுந்திருந்தது. லொபார்க்கோவுக்குச் சந்தேகமே வரவில்லை.

“குழாயில ஏன்யா தண்ணி வரலை?”

“தண்ணி இருக்குங்க, மேதகு அமைச்சரே! ஆறு வருஷமா இருக்கு. ஊர் எல்லை வரைக்கும் குழாய் நிறைய நிக்குது. வால்வைத் திருப்ப வேண்டியதுதான் பாக்கி.”

நான் அனியெல்லோவைப் பார்த்தேன். ஐம்பது வருடத்தில் அவருக்கு வசனம் மறந்தது அன்று ஒருநாள்தான் இருக்கும்.

“அப்புறம் ஏன் திருப்பலை?” என்றார் கடைசியில், சொந்தக் குரலில்.

“திறப்பு விழா நடக்காம எப்படிங்க தண்ணி விடறது? ஆறு வருஷமா ரோமுக்கு எழுதறேன், ஒரு மந்திரி தேதி கேட்டு. பதினாலு மந்திரி தேதி கொடுத்தாங்க. தேதி வர்றதுக்குள்ள அரசு போயிடுது. விழா இல்லாம விட்டேன்னா என் வேலை போயிடும். எனக்கும் மனசு இருக்குங்க, மேதகு அமைச்சரே. ஒவ்வொரு கோடையிலயும் போய் அந்த வால்வுக்கு எண்ணெய் போட்டுட்டு வரேன்.”

“கிளம்பி வா” என்றார் அனியெல்லோ.

மூன்று மணிக்கு லொபார்க்கோ வந்தார். கழுத்தில் சாப்பாட்டுத் துண்டு, ஒரு கையில் வால்வுச் சாவி, மறு கையில் பதிவேடு, பின்னால் தொப்பி வைத்த மனைவி. ரிப்பனுக்குத் தொமேனிக்கா தன் முக்காட்டை அவிழ்த்துக் கொடுத்தாள். வெட்ட அனியெல்லோவுக்கு மனம் வரவில்லை, முடிச்சை அவிழ்த்தார். பேசச் சொன்னார்கள். “எனக்குப் பேச ஒண்ணும் இல்லை” என்றார். அதற்கு விழுந்த கைத்தட்டல் மாதிரி ஒரு கைத்தட்டலை எந்த மந்திரியும் வாங்கியிருக்க முடியாது.

லொபார்க்கோ சாவியைத் திருப்பினார். முதலில் காற்று வந்தது. பிறகு துருப்பிடித்த செந்நீர். பிறகு நல்ல தண்ணீர், இரண்டு சிங்கத்தின் வாயிலிருந்தும். அனியெல்லோ ஓரடி பின்னால் போய்ப் பல்லோட்டாவின் தோளைப் பிடித்துக்கொண்டார். பல்லோட்டாவின் கண் குழாயில் இல்லை, கேமராவைத் தேடிச் சுற்றிலும் பார்த்துக்கொண்டிருந்தார். கேமராவை அவர் மே மாதமே விற்றுவிட்டிருந்தார்.

பதிவேட்டில் கையெழுத்துக் கேட்டார்கள். அனியெல்லோ தன் சொந்தப் பெயரைப் போட்டார்.

குளிர்காலத்தில் விசாரணை வந்தது. மாவட்ட அதிகாரி ஒருவர் இரண்டு நாள் தங்கி, போலி மந்திரி விவகாரத்தை ஆராய்ந்தார். திறந்து வைத்தவர் மந்திரி இல்லை என்று எழுதினால் விழா செல்லாது. விழா செல்லாது என்றால் வால்வை மூட வேண்டும். மூடுகிற ஆளாகத் தன் பெயரை எழுதிக்கொடுக்க அவருக்குத் துணிவில்லை; தொமேனிக்கா அவர் தங்கியிருந்த வீட்டு வாசலிலேயே துணி துவைத்துக்கொண்டிருந்தாள். ‘விழா முறைப்படி நடந்தது’ என்று எழுதிவிட்டுப் போனார்.

அடுத்த வசந்தத்தில் அரசுச் செலவில் கல்வெட்டு வைத்தார்கள். ‘இந்நீரூற்று மேன்மைதாங்கிய அமைச்சர் அனியெல்லோ கப்பூத்தோ அவர்களால் திறந்து வைக்கப்பட்டது.’ அவர் பெயருக்கு மேலே வேறு பெயரே இல்லை. அச்சகத்தின் பெயர் கீழேயும் இல்லை. அனியெல்லோ அதைப் பார்க்க ஒருமுறை பேருந்து பிடித்துத் தனியாகப் போய்விட்டு வந்தார். எங்களிடம் சொல்லவில்லை, பாதிரியார்தான் எழுதினார், வெகுநேரம் நின்றார், ஒரு குவளை குடித்தார் என்று.

தண்ணீர் இன்னும் வருகிறது. செவ்வாயும் வெள்ளியும்.